குழல்மீனின் பத்தொன்பதாம் நாள்

போன சனிக்கிழமை பள்ளிக்கூடத் தொட்டி மீன்களுக்குத் தீனி வாங்கக் கடைக்குப் போனேன். பாளையங்கோட்டையில் வண்ணமீன் விற்கிற கடைகள் இப்போது நாலைந்து வந்துவிட்டன. கடைக்காரத் தம்பி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டி, "குஞ்சு மீனுக்கு இது நல்லது டீச்சர். ஆர்ட்டீமியா முட்டை. உப்புத் தண்ணியில போட்டா மறுநாளே பொரிஞ்சிரும்" என்றார். வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். காபிப்பொடி நிறத்தில் தூள். ஈரக் கருவாடும் துருவும் சேர்ந்த மாதிரி அதே வாடை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதில் ஒரு சிட்டிகைக்காக நீயும் நானும் இறால் பண்ணை வாசல்களில் காவல்காரர்களிடம் கெஞ்சியிருக்கிறோம். அது இப்போது பாக்குப் பொட்டலம் மாதிரி கொக்கியில் தொங்குகிறது. ஒன்றும் வாங்காமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்ததே உன்னை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்துத்தான். உன் கூடப்பிறந்த சூசை அண்ணன் போன் செய்து, "ஒன் நம்பர் கெடைக்கல பாப்பா, அவ டைரியில தேடி எடுத்தேன்" என்றார். ஒரு வருஷமாக வைத்தியம் பார்த்தீர்களாம். அந்த ஒரு வருஷம்தான் என்னைத் தின்கிறது. ஒரு வருஷம் என்பது எவ்வளவு பெரிய அவகாசம்! பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் நீ படுத்திருந்தாய். சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நான் இங்கே வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீயும் சொல்லி அனுப்பவில்லை. உன் பேரில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

எம்.ஃபில். சேர்ந்த வருஷம் நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் பதிவு செய்தோம். தொண்ணூறுகளின் நடுவில் யாரைக் கேட்டாலும் இறால்தான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை முழுக்கப் பண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இறால் படித்தவனுக்கு உடனே வேலை. நீ மட்டும் குழல்மீன் வேண்டும் என்று நின்றாய். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அத வச்சி என்னம்மா செய்யப்போற? திங்கவா முடியும், ஏத்துமதி பண்ணவா முடியும்?" என்று கேட்டார். மறுநாள் அதே விண்ணப்பத்தை அதே மேஜையில் வைத்தாய். மூன்றாம் நாளும் வைத்தாய். அவர் எரிச்சலோடு கையெழுத்துப் போட்டார்.

தச்சநல்லூரில் மீன் வாசல்படி ஏறாத சைவ வீட்டுப் பெண் நான். விலங்கியல் எனக்கு வேறு இடம் கிடைக்காததால் வந்தது. மீன்களின் இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் தலைப்பு. குழல்மீனுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்றே கிடையாது என்று நீ சொன்னபோது, "அப்ப அது ஒனக்குத்தான் சரி, எனக்கு வேண்டாம்" என்றேன். சிரித்தாய். ஆனால் உனக்கு நான் தேவைப்பட்டேன். எனக்குப் படம் வரையக் கை வரும், எண்ணுவதற்குப் பொறுமை வரும். உனக்கு இரண்டும் வராது.

முதல் மீனை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தாய். காய்ந்த புல் தண்டு ஒன்று தண்ணீரில் செங்குத்தாக நிற்கிறது என்றுதான் நினைத்தேன். சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம், பென்சிலில் பாதிப் பருமன். செதில் இல்லை. உடம்பு முழுக்க எலும்பு வளையங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கவசம் போட்ட மாதிரி. வாய் ஒரு சின்னக் குழாய், பல் கிடையாது. இரண்டு கண்ணும் தனித்தனியே உருண்டன. ஒன்று என்னைப் பார்த்தது, மற்றொன்று ஜன்னலைப் பார்த்தது. முதுகுத் துடுப்பு மட்டும் விசிறி மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தது. வாலுக்கடியில் உப்பலாக ஒரு பை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோலுக்குள்ளே மணி மணியாக வரிசை.

"முட்டை கெடக்கு. பொம்பள மீன்" என்றேன்.

"ஏட்டி, நல்லாப் பாரு. அது ஆம்பள."

"வெளையாடாத."

"பொட்ட மீன் முட்டைய இதோட பையில வச்சிட்டுப் போயிரும். அதுக்கப்புறம் எல்லாம் இவன் பாடு. இந்த ரெண்டு தோல் மடிப்பையும் மூடிக்கிடுவான். உள்ள ரத்தக்குழாய் பின்னிக் கெடக்கும். குஞ்சுக்குக் காத்து, உப்பு, சத்து எல்லாம் அப்பன் ஒடம்புலருந்துதான். முழுசா வளந்து, அப்பன் மாதிரியே குட்டிக் குழலா வெளிய வரும்."

நான் வளையங்களை எண்ணினேன். கழுத்திலிருந்து பை தொடங்குகிற இடம் வரை பதினைந்து. வாலில் முப்பத்தெட்டு. இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எந்த இனம் என்று முடிவு செய்ய முடியும் என்பதால் மூன்று தடவை எண்ணச் சொன்னாய். மூன்றாவது தடவை எண்ணி முடிக்கும்போது அந்த மீனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை உன் ஊருக்குப் போவோம். ஏரல் வழியாக ஆத்தூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். தாமிரபரணி கடலில் விழுகிற இடம். ஆறு அங்கே ஆறாகவும் இல்லை, கடலாகவும் இல்லை. காலையில் உப்பு, மழை பெய்தால் இனிப்பு. கண்டல் மரங்களின் வேருக்கிடையில், பாசி மண்டிக் கிடக்கும் முழங்கால் ஆழத் தண்ணீரில் உன் மீன் இருந்தது. பாசியோடு பாசியாகச் சாய்ந்து நிற்கும். கை வைத்த பிறகுதான் மீன் என்று தெரியும். சூசை அண்ணன் வலையை உதறும்போது பாசியோடு சேர்ந்து விழும். அவர் ஊரில் அதற்குப் பேர்கூடக் கிடையாது. "அந்தக் குச்சி" என்பார். "இந்தக் குச்சிக்கா தங்கச்சியப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் படிக்க வச்சோம்?" என்று என்னிடம் கேட்பார். ஆனாலும் வலையை ஒருநாளும் வேகமாக உதறியதில்லை. நீ பார்க்காத நேரத்தில், பை உப்பிய மீனாகத் தேடி வாளியில் தனியாகப் போடுவார்.

திரும்பும்போது இரண்டு பெரிய கேனில் கழிமுகத் தண்ணீர். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "என்னம்மா இது?"

"உப்புத் தண்ணி அண்ணாச்சி."

"எங்க ஊர்ல இல்லாத தண்ணியா? இத எதுக்குப் பஸ்ல ஏத்திக் கொண்டு போறீய?"

"மீன் வளக்க."

"மீனயே கொண்டு போனா ஆவாதா?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். கேன் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே ஊர் வந்து சேருவாய்.

பேராசிரியர் உன்னிடம் கேட்டது சுலபமான வேலைதான். பை உப்பிய மீன் ஐம்பதைப் பிடி, ஃபார்மலினில் போடு, பையை வெட்டு, முட்டையை எண்ணு, மீனின் நீளத்தோடு சேர்த்து ஒரு அட்டவணை போடு, முடிந்தது. நீ அட்டவணை போட்டாய். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முட்டை பைக்குள் ஏறிய நாளிலிருந்து குஞ்சு இறங்கும் நாள் வரை எத்தனை நாள்? நம் ஆற்று மீனுக்கு இதை யாரும் பார்த்து எழுதியதாக நீ தேடிய வரையில் ஒரு புத்தகத்திலும் இல்லை. அதற்கு ஒரே மீனில் இரண்டையும் பார்க்க வேண்டும். உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு எண்ணுக்காக நீ பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

முதல் தொகுதி இரண்டே நாளில் செத்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்றாய். இரண்டாவது தொகுதி பட்டினியால் செத்தது. அசையாத தீனியை அது திரும்பியும் பார்க்கவில்லை. கண் முன்னால் துடிக்கிறதை மட்டும்தான் குழாய் வாயால் உறிஞ்சும். அதற்குத்தான் ஆர்ட்டீமியா என்கிற உப்புத்தண்ணீர்ப் பூச்சியைத் தேடிப் பண்ணை பண்ணையாக அலைந்தோம். பண்ணைக்காரர்கள் அதன் முட்டை டின்னைப் பூட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் தூத்துக்குடி உப்பளத்துக் கடைசிப் பாத்திகளில் அந்தப் பூச்சி தானாகவே சிவப்பாக மிதக்கும் என்று யாரோ சொல்ல, வெறுங்காலோடு இறங்கி, என் பழைய தாவணித் துணியால் அரித்தோம். கால் வெடிப்பில் உப்பு இறங்கி ஒரு வாரம் எனக்குச் செருப்புப் போட முடியவில்லை. மூன்றாவது தொகுதி தின்றது, தேறியது, ஆனால் ஆண் மீன் பயந்துபோய் முட்டையைப் பாதியிலேயே வெளியே தள்ளிவிட்டது. நான்காவது தொகுதியில் எல்லாம் சரியாக இருந்தது. மழைக்காலம் வந்து ஆறு பெருகி, கழிமுகத் தண்ணீரே இனித்துப்போனது. புதுத் தண்ணீர் கிடைக்காமல் அவையும் போயின.

"போதும்டி. அட்டவணைய வச்சி எழுதிக் குடுத்துரு" என்று நான் எத்தனை தடவை சொன்னேன்! ஒவ்வொரு தடவையும் நீ ஒரே வாக்கியம்தான் சொல்வாய். "பாக்காதத எழுத முடியாதுல்லா."

மாசி மாதத்தில் ஒரு காலை அது நடந்தது. ஆய்வகத்துப் பின் வராந்தாவில் ஐந்தாவது தொகுதியின் தொட்டி, அதில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். நான் உள்ளே நுழையும்போதே நீ கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னாய். இரண்டு மீனும் பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக மேலே எழும்பின, உடம்பு நடுங்கியது, ஒன்றை ஒன்று சுற்றி, ஒட்டி, பிரிந்தன. மறுபடி எழும்பின. எல்லாம் முடிந்தபோது ஆணின் பை உப்பியிருந்தது. நாட்காட்டித் தாளில் அந்தத் தேதிக்கு நேராக நீ "ஏறியது" என்று எழுதினாய். எழுத்துக் கோணியது. அன்று என்னைக் கட்டிக்கொண்டாய். உன் மேலே உப்பளத்து வாடை.

பதினெட்டு நாள் நீ அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டை வராந்தாவில் வைத்தே தின்றாய். பைக்குள் கறுப்புப் புள்ளிகளாகக் கண்கள் தெரியத் தொடங்கின. பதினெட்டாம் நாள் மத்தியானம் பக்கத்து எஸ்.டி.டி. கடையிலிருந்து ஆள் வந்தது. உன் அம்மாவைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே வரச் சொல்லிச் சூசை அண்ணன் பேசினாராம். நீ தொட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ" என்றேன்.

"கோமு, எப்ப எறங்கும்னு தெரியாது. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இரு. எறங்கத் தொடங்குன மணி, முடிஞ்ச மணி ரெண்டும் குறி. எண்ணு. அப்பன உடனே தனியா எடுத்துரு, தின்னாலும் தின்னுரும். செத்தது இருந்தா ஒண்ணயும் வீசாத, ஃபார்மலின்ல போட்டு வையி."

"சரிட்டி. போ."

அன்று சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தேன். பை மூடியே இருந்தது. வீட்டுக்குப் போனால் அப்பா வாசலிலேயே நிற்கிறார். மறுநாள் காலை பத்தரைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம், திடீரென்று முடிவாயிற்று, மாற்ற முடியாது. எம்.ஃபில். முடியாமல் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டதாக உன்னிடம் பெருமையடித்திருந்தேன். அது பொய். வீட்டில் அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆய்வகத்துக்கு ஓடினேன். ஒன்பது வரை பார்த்தேன். பை மூடியிருந்தது, தொட்டித் தண்ணீருக்குள் குமிழ் விடுகிற காற்று மெஷின் ஓடியது. ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். மாப்பிள்ளை வீட்டார் பத்தரைக்கு வரவில்லை, பன்னிரண்டரைக்கு வந்தார்கள். கேசரி ஆறி, பஜ்ஜி ஆறி, நான் பட்டுப்புடவையில் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா, "புள்ள முகத்துல சிரிப்பே இல்லையே" என்றார். பிறகு படிப்பு அதிகம் என்று சொல்லி அந்த இடமும் தட்டிப்போயிற்று. எதற்காக நான் போனேனோ அதுவும் கிடைக்கவில்லை பார்.

நான் வராந்தாவுக்குள் நுழையும்போது மணி நாலு. காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாசித் தண்டுகளில் நூல் துண்டுகள் மாதிரிக் குஞ்சுகள். நகத்தின் நீளம்கூட இல்லை. ஆனால் குழாய் வாய், வளையம், நடுங்குகிற துடுப்பு எல்லாம் அப்படியே. நீ பார்க்க வேண்டியது. அடியில் வெள்ளையாகச் சில கிடந்தன. அப்பன் மீன் தொங்கிப்போன பையோடு ஓரமாக நின்றது. எத்தனையைத் தின்றிருந்ததோ! உயிரோடு முப்பத்தொன்று எண்ணினேன். செத்தது பதினாலு. ஏன் செத்தன என்று எனக்குப் புரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து உண்மையை எழுதியிருக்கலாம். நோட்டைப் பிரித்தேன். உன் கையெழுத்தில் பதினெட்டு நாள், மணிக்கு மணி, தண்ணீர்ச் சூடு, உப்பு, எல்லாம். அதன் கீழே "நான் இல்லை" என்று எழுத என் கை ஓடவில்லை. செத்த பதினாலையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு எழுதினேன். "பத்தொன்பதாம் நாள். காலை 11.20க்குத் தொடங்கி 12.05க்கு முடிந்தது. குஞ்சுகள் நாற்பத்தைந்து, எல்லாம் உயிருடன். காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது."

மறுநாள் மத்தியானம் நீ வந்தாய். அம்மா தேறிவிட்டார்கள். தொட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து குஞ்சுகளையே பார்த்தாய். பிறகு எண்ணினாய்.

"முப்பத்தொண்ணுதான இருக்கு?"

"ராத்திரி செத்திருக்கும். காலைல அடியில கெடந்துச்சு."

"எங்க?"

"வீசிட்டேன். மறந்துபோச்சி."

என்னைப் பார்த்தாய். நோட்டை எடுத்துப் படித்தாய். "சரி" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த ஐந்து வாரம் உன் ஆய்வேடு தட்டச்சு ஆனது. படங்களை நான் மசியால் வரைந்தேன்: வளையங்கள், மூக்குக் குழாய், மூடிய பை, திறந்த பை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ என்னிடம் கூடுதல் அன்பாகத்தான் இருந்தாய். தேநீர் வாங்கித் தந்தாய். ஒருநாள், "அன்னைக்கு எறங்கும்போது எப்படி இருந்துச்சி கோமு?" என்று கேட்டாய். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். உடம்பை முன்னும் பின்னும் உதறி, ஒவ்வொன்றாக. நீ தலையாட்டினாய்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி வாரத்தில், அந்தப் பத்தொன்பது நாள் கணக்கு இருந்த அத்தியாயத்தைப் பிடுங்கிவிட்டாய். பேராசிரியர் அறையில் அவர் குரல் ஏறியது வெளியே கேட்டது. "அந்த அத்தியாயம்தானம்மா புதுசு! நோட்ல எழுதியிருக்குல்லா? யாரு வந்து கேக்கப்போறா?" நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் அந்த அத்தியாயம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நீ அதோடு கொடுக்க மாட்டேன் என்றாய். கெடு முடிந்தது. நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாய். துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். இரைப்பைகளை எண்ணிய எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். ஏன் போனாய் என்று கேட்டு உனக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உனக்குப் பிடிவாதம், திமிர் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதி நம்பவும் செய்தேன்.

நாலைந்து வருஷம் கழித்துத் தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். மெலிந்திருந்தாய். கையில் காய்கறிப் பை. பிள்ளைகள், வீடு என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு நானே கேட்டேன், இத்தனை வருஷம் வைத்திருந்த எரிச்சலோடு. "ஏன்டி அப்படிச் செஞ்ச? ஒன் வாழ்க்கையே போச்சில்லா?"

நீ நிதானமாகச் சொன்னாய். "அன்னைக்குக் காலைல ஒம்பதரைலருந்து மூணரை வரைக்கும் அந்தத் தெருவுலயே கரண்ட் இல்ல கோமு. மராமத்துக்கு நிறுத்தியிருந்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் மறுநாளே சொன்னார். நீ காத்து மெஷின் ஓடுச்சின்னு எழுதியிருந்த."

அப்போதுதான் அந்தப் பதினாலும் ஏன் செத்தன என்று புரிந்தது.

"தெரிஞ்சிக்கிட்டு ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். அஞ்சு வாரம் பாத்தேன்."

"மணிய மட்டும் விட்டுட்டு, நாள எழுதியிருக்கலாம்லா? நாள் சரிதான?"

"அத நான் எப்படிட்டி நம்புவேன்? நீ அன்னைக்கு மட்டும் இல்லையா, முந்துன நாளும் இல்லையா? குஞ்சு பதினெட்டுல எறங்குச்சா, பத்தொம்பதுலயா? சொல்லு, இப்பவாவது சொல்லு."

நீ அப்படிக் கேட்டது குற்றம்சாட்ட இல்லை. உன் கண்ணில் பழைய ஆவல் இருந்தது. அந்த எண் இன்னும் உனக்கு வேண்டியிருந்தது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை ஐந்து வாரத்துக்குள் சொல்லியிருந்தால் உன் அத்தியாயம் நின்றிருக்கும், உன் பட்டம் நின்றிருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. உறைத்ததாலேயே வாய் திறக்கவில்லை. திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "பஸ் எடுக்கப்போறான்" என்று ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நீ காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாய்.

இப்போதும் எனக்கு உன் பேரில் ஆத்திரம் தீரவில்லை. சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக்கூடாதா? நோட்டை என் முகத்தில் எறிந்திருக்கக்கூடாதா? ஒரு அறை அறைந்திருந்தால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அடுத்தவர் தானாக வாய் திறக்க வேண்டும் என்று தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு காத்திருப்பது என்ன நியாயம்? எல்லாருக்கும் உன்னைப் போலத் தைரியம் இருக்கும் என்று எப்படி நினைத்தாய்? இப்படியெல்லாம் உன்னோடு சண்டை போடுகிறேன். சண்டை போட்டு முடித்தபிறகு மிச்சம் இருப்பது நான் மட்டும்தான்.

சூசை அண்ணனுக்கு நேற்று போன் செய்தேன். அந்த மீன் இன்னும் வருகிறதா என்று கேட்டேன். "அந்தக் குச்சியா பாப்பா? பாசியே இல்லாமப் போச்சி இப்ப. எப்பவாவது ஒண்ணு வரும். வந்தா எடுத்துத் தண்ணியில விட்டுருவேன்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது உன்னிடம் சொல்ல வேண்டியது. முப்பது வருஷமாக நான் சுமந்துகொண்டு திரிவது ஒரு பெரிய ரகசியம்கூட இல்லை. ஒரு நோட்டில் மூன்று வரி.

எழுதிக்கொள்.

பதினெட்டாம் நாள் நான் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பை மூடியிருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கும் மூடியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். உன் நாள் சரி. நாலு மணிக்கு உயிரோடு முப்பத்தொன்று, செத்தது பதினாலு, தின்றுபோனது எத்தனை என்று தெரியாது. இறங்கிய நேரம் தெரியாது.

அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை.